எல்லைக்கோட்டில் நிற்காதே, பிள்ளை

முருங்கனிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "மகள் 800 மீற்றர் ஓடுறவள். ஓடேக்க ஒண்டுமில்லை. முடிச்சு நிண்ட உடனதான் நெஞ்சு படபடக்குது, கண் இருட்டுது, தலை சுத்துது எண்டுறாள். இதயத்தில ஏதும் கோளாறோ?"

2024 மார்ச்சில் திருக்கோவிலில் பாடசாலை மரதன் ஓட்டத்தில் பங்கேற்ற 16 வயது மாணவன் உயிரிழந்தான். அதன்பிறகு இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம் வந்தாலே வீடுகளில் இந்தப் பயம்தான். நியாயமான பயம். ஆனாலும் இந்தத் தாய் சொல்லும் அறிகுறிக்குப் பெரும்பாலும் காரணம் கெண்டைக்காலில் இருக்கிறது.

ஓய்வில் நிமிடத்துக்கு 5 லீற்றர் அளவில் இரத்தம் அனுப்பும் இதயம், முழுவேக ஓட்டத்தில் 20 லீற்றர்வரை அனுப்பும். அதில் பெரும்பங்கு தசைகளுக்குப் போகிறது. கால்வரை இறங்கிய இரத்தத்தை மேலே ஏற்றுவது யார்? கால்தான். ஒவ்வோர் எட்டிலும் கெண்டைத்தசை இறுகி, உள்ளே ஓடும் நாளங்களைப் பிழிகிறது. நாளங்களின் வால்வுகள் இரத்தத்தைக் கீழே திரும்ப விடுவதில்லை. பிழிபட்டது மேலேதான் போயாகவேண்டும்.

எல்லைக்கோட்டைத் தாண்டிய பிள்ளை அசையாமல் நின்றுவிட்டால் பிழிதல் அந்தக் கணமே நிற்கிறது. தசைகளின் இரத்தக்குழாய்களோ இன்னும் சில நிமிடங்கள் அகலத் திறந்தே இருக்கும். மாசி, பங்குனி வெயிலில் உடற்சூட்டைத் தணிக்கத் தோலின் குழாய்களும் திறந்திருக்கும். வியர்வையில் நீரும் போயிருக்கும். இரத்தம் கால்களில் தேங்க, இதயத்துக்கு வரவு குறைகிறது.

கிணற்றில் மிசின் வைத்துத் தோட்டத்துக்கு இறைப்பவர்களுக்கு இது உடனே விளங்கும். மிசின் எவ்வளவு பெரிதானாலும் கிணற்றில் ஊறியதைத்தான் இறைக்கலாம். நீர் வற்ற வற்ற அதன் சத்தம் மாறும். அனுபவப்பட்ட கமக்காரர் வரம்பில் நின்றபடியே அதைக் காதால் பிடித்துவிடுவார். நமக்கும் அப்படியொரு காது கழுத்தில் இருக்கிறது. மூளைக்குப் போகும் பெரிய தமனியின் சுவரில் உள்ள நரம்பு முனைகள் அந்தச் சுவர் எவ்வளவு விரிகிறது என்பதை ஒவ்வொரு துடிப்புக்கும் அளக்கின்றன. விரிவு குறைந்தால் மூளைத்தண்டுக்குச் செய்தி போகும், இதயம் வேகமெடுக்கும். தாய் சொன்ன படபடப்பு அதுதான். கமக்காரர் வற்றும் கிணற்றில் மிசினை நிறுத்துவார், உடம்போ முடுக்குகிறது; ஏனென்றால் இங்கே பயிர் மூளை, சில விநாடிகூட அது காயக்கூடாது. முடுக்கியும் போதாவிட்டால் பிள்ளை விழுகிறாள். விழுந்ததும் கால்களும் இதயமும் ஒரே மட்டம். தேங்கியது தானாகத் திரும்பி வருகிறது. இந்த ஏற்பாட்டை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

அதனால்தான் மைதானத்தில் விழப்போகும் பிள்ளையை இருவர் தோளில் தாங்கி நிமிர்த்தி வைத்திருப்பதைக் கண்டால் பதறுகிறது. உடம்பு தேடும் மருந்தை நாம் தடுக்கிறோம். நிழலில் படுக்க வையுங்கள், கால்களை உயர்த்துங்கள். அதைவிட நல்லது, ஓடி முடித்தவர்களை ஐந்து, பத்து நிமிடம் நடக்க விடுவது.

வரலாற்றுக்கு ஒரு வரி போதும்: நாள வால்வுகள் இரத்தத்தை இதயத்தை நோக்கி மட்டுமே விடுகின்றன என்பதை, கையில் கட்டுப்போட்டு, புடைத்த நாளத்தை விரலால் அழுத்திக் காட்டியவர் வில்லியம் ஹார்வி, ஆண்டு 1628.

துடிப்பை எண்ணும் கைக்கடிகாரங்களை "இதயக் காவலன்" என்று விற்கிறார்கள். 800 மீற்றர் முடிவில் ஒரு பதின்வயதுப் பிள்ளைக்கு 190, 200 என்று காட்டுவது இயல்பு. இரத்தம் எங்கே தேங்கியிருக்கிறது என்று அந்த எண் சொல்லாது. குளுக்கோஸ் பொட்டலமும் அப்படித்தான்: வியர்வையில் போனது நீரும் உப்பும், சீனி அல்ல. காலையில் உப்புப் போட்ட கஞ்சியும் போதிய தண்ணீரும் குடித்துவிட்டு வருவது மேல். மாதவிடாய் தொடங்கிய பிள்ளைகளுக்கு இரும்புச்சத்துக் குறைவும் படபடப்பைக் கூட்டும். அதற்கு இரத்தப் பரிசோதனை இருக்கிறது.

இத்தனையும் ஓடி முடித்து நின்றபின் வரும் மயக்கத்துக்கே பொருந்தும். ஓடிக்கொண்டிருக்கும்போதே சுருண்டு விழுவது முற்றிலும் வேறு. அப்போது கால் தசை பிழிந்துகொண்டுதான் இருக்கிறது, வரவுக்குக் குறைவில்லை. ஆகவே சந்தேகம் இதயத்தின் மீதே விழவேண்டும். இதயத்தசை பரம்பரையாகத் தடித்திருப்பது ஏறக்குறைய 500 பேரில் ஒருவருக்கு உண்டு. பலருக்கு வெளியே எந்த அடையாளமும் தெரியாது. ஓடும்போது நெஞ்சுவலி, குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம், காரணமின்றித் தாறுமாறாகத் துடிக்கும் நெஞ்சு, இவற்றில் ஒன்று இருந்தாலும் வைத்தியர் பார்த்து ஈ.சி.ஜி. எடுக்கும்வரை பயிற்சி வேண்டாம். விழுந்த பிள்ளை கூப்பிட்டும் அசையாமல், மூச்சும் சரியாக இல்லாமல் கிடந்தால் 1990க்கு அழைத்துவிட்டு, நோயாளர் காவுவண்டி வரும்வரை காத்திராமல் நடுநெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள்.

அந்தத் தாயிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மகளை வைத்தியரிடம் ஒருமுறை காட்டுங்கள். காட்டும்போது "மயக்கம் வருது" என்பதோடு நிறுத்தாதீர்கள். கோட்டுக்கு முன்பா பின்பா, நின்று எவ்வளவு நேரத்தில், படுத்ததும் தெளிந்ததா என்று பக்கத்தில் நின்ற ஆசிரியரிடமும் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள்.