விளக்கை அமர்த்த விடாத மருமகள்

மாசிக் கடைசி. அருப்புக்கோட்டையில் பஸ் ஏறிப் பரளச்சியில் போய் இறங்கியபோது பொழுது சாய்ந்துவிட்டது. கரிசல் காடும் சீமைக்கருவேலும் சூழ்ந்த ஊர். என் அண்ணன் வீடு ஊர்க்கோடியில் இருக்கிறது. அண்ணன் காலமாகிவிட்டார். அவர் மகனுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. வீட்டில் மதினியும் மருமகளும் இரண்டு குழந்தைகளும்தான்.

ராத்திரிச் சாப்பாடு முடிந்து, குழந்தைகள் தூங்கியதும் மதினி மெல்ல ஆரம்பித்தார்.

“நீயாச்சும் கேளு தாயி. நாலு நாளா இவ லைட்டை அமத்த விடமாட்டேங்கிறா. கொல்லைப்பக்கம் போகணும்னா என்னை எழுப்புறா. செல்லுல என்ன கருமத்தைப் பாத்தாளோ!”

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். “ஒரு படம்தான் அத்தை. ‘கேம் ஓவர்’.”

எனக்கு ஒரே ஆச்சரியம்! பயத்தைப் போக்குகிற படம் என்றல்லவா அதை நான் நினைத்திருந்தேன்?

கத்தியும் கதாநாயகியும்

திகில் படங்களில் ஒரு ரகம் உண்டு. தனி வீடு, இருட்டு, முகமூடி போட்ட கொலைகாரன், கையில் கத்தி. ஒவ்வொருவராகச் சாவார்கள், அதிலும் முக்கியமாக இளம்பெண்கள். 1960-ல் ஹிட்ச்காக் எடுத்த ‘சைக்கோ’ இதற்கு வழி போட்டது. 1978-ல் ஜான் கார்பென்டரின் ‘ஹாலோவீன்’ வந்த பிறகு அமெரிக்காவில் இப்படிப்பட்ட படங்கள் வரிசை கட்டி வந்தன.

அதே 1978-ல் நம் தமிழில் பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’. பெண்களைக் கொன்று தோட்டத்தில் புதைக்கும் பணக்காரனாகக் கமல்ஹாசன். தாலி கட்டிக்கொண்டு வந்த வீட்டிலேயே அந்த ரகசியத்தைக் கண்டுபிடித்துப் பதறும் மனைவியாக ஸ்ரீதேவி. 1980-ல் பாலுமகேந்திராவின் ‘மூடுபனி’, 1984-ல் மணிவண்ணனின் ‘நூறாவது நாள்’ என்று தொடர்ந்தது. தியேட்டரில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, விரல் இடுக்கு வழியாகப் பார்த்த சகோதரிகள் எத்தனை பேர்!

இந்தப் படங்களுக்கு எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது. ராத்திரியில் வெளியே போகிறவள், ஆண் நண்பனோடு சிரித்துப் பேசுகிறவள் முதலில் சாவாள். அடக்க ஒடுக்கமாக, உஷாராக இருக்கிறவள் கடைசிவரை பிழைப்பாள். கேரல் குளோவர் என்ற அமெரிக்கப் பேராசிரியை இதை ஆராய்ந்து 1992-ல் ஒரு புத்தகமே வெளியிட்டார். அப்படி மிஞ்சுகிறவளுக்கு அவர் வைத்த பெயர் ‘கடைசிப் பெண்’. 1996-ல் வந்த ‘ஸ்க்ரீம்’ படத்தில் ஒரு பாத்திரமே இந்தச் சட்டங்களை வரிசையாக ஒப்பிக்கும்! பழைய சட்டத்தைச் சொல்லிக்காட்டி, அதை வைத்தே விளையாடும் படங்கள் அதற்குப் பிறகு பெருகின.

மூன்று உயிர்

2019 ஜூன் 14-ல் தமிழிலும் தெலுங்கிலும் வெளியான ‘கேம் ஓவர்’ அந்த வகையில் சேர்ந்தது. நயன்தாரா நடித்த ‘மாயா’வை எடுத்த அஸ்வின் சரவணன்தான் டைரக்டர். காவ்யா ராம்குமாரோடு சேர்ந்து கதையை எழுதியிருக்கிறார். கதாநாயகி டாப்ஸி.

முதல் காட்சியே, ஜன்னலுக்கு வெளியே நின்று ஒரு பெண்ணை ஒளிந்து பார்க்கிற கண்கள். ‘சரி, பழைய கதைதான்’ என்று நினைத்து உட்கார்ந்தால் கதை வேறு பக்கம் திரும்புகிறது. கதாநாயகி ஸ்வப்னா வீடியோ கேம் தயாரிக்கிறவள். ஒரு புத்தாண்டு இரவில் அவளுக்குப் பெரும் கொடுமை நடந்திருக்கிறது. அதன் பிறகு இருட்டென்றாலே அவளுக்கு மூச்சு முட்டும். வருஷம் திரும்பி அதே நாள் நெருங்க நெருங்க, உடம்பும் மனசும் அந்த இரவுக்கே திரும்பிப் போகின்றன. மனம் உடைந்து உயிரை விடவும் துணிகிறாள். பிழைத்துக்கொள்கிறாள், ஆனால் இரண்டு காலும் முறிந்து சக்கர நாற்காலியில். துணைக்கு வேலைக்கார அம்மா கலாம்மா மட்டும். வினோதினி அருமையாக நடித்திருக்கிறார்.

அந்த வீட்டுக்குத்தான் முகமூடிக் கொலைகாரர்கள் வருகிறார்கள். ஸ்வப்னா சாகிறாள்... மறுபடி கண் விழிக்கிறாள்! வீடியோ கேமில் மூன்று உயிர் கொடுப்பார்களே, அதுபோல அவளுக்கும். முந்தைய தடவை எங்கே தோற்றோம் என்று புரிந்துகொண்டு மறுபடி எதிர்க்கிறாள். ஓடக்கூட முடியாதவள், இருட்டுக்கு நடுங்கியவள், கடைசியில் ஜெயிக்கிறாள். ராத்திரியில் வெளியே போனவள் சாக வேண்டும் என்ற சட்டம் இங்கே உடைகிறது. அதோடு, கடைசிப் பெண் ஒருத்தி அல்ல, இருவர். கலாம்மாவும் கூடவே நிற்கிறாள்.

மருமகள் சொன்னது

“படம் நல்லாத்தானே முடியுது? அப்புறம் ஏம்மா பயம்?” என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்.

“முகமூடிக்காரனுக்குப் பயப்படலை அத்தை. அந்த டாக்டரு சொல்றாரே, நாள் நெருங்கினா அதுவே திரும்ப வரும்னு. அதைக் கேட்டதும்தான் எனக்கு உடம்பு நடுங்கிப்போச்சு.”

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது, பரீட்சை நேரம். ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து தனியாக ஊருக்கு நடந்து வந்திருக்கிறாள். கருவேலங்காட்டுப் பாதையில் ஒருவன் சைக்கிளைக் குறுக்கே போட்டு மறித்திருக்கிறான். பையைப் போட்டுவிட்டு, முள் கிழிக்க ஓடி வந்து வீடு சேர்ந்தாள். வீட்டில் கேட்ட முதல் கேள்வி: “உன்னை யாரு அந்நேரத்துல ஒத்தையில வரச்சொன்னது?” அந்த வாரமே படிப்பும் நின்றது.

“வருஷா வருஷம் இந்த மாசம் வந்தா எனக்குக் காய்ச்சல் வரும், நெஞ்சு படபடன்னு அடிக்கும். காத்துக் கருப்புன்னு திருநீறு போடுவாங்க. எதனாலன்னு எனக்கே இப்பத்தான் தெரிஞ்சுது அத்தை.”

எனக்குத் தொண்டையை அடைத்தது. சினிமாவின் எழுதாத சட்டமும் நம் வீட்டுச் சட்டமும் ஒன்றாகவல்லவா இருக்கிறது! மறித்தவனை யாரும் கேட்கவில்லை. நடந்து வந்த பிள்ளையைத்தான் கேட்டார்கள். பதினைந்து வருஷமாக அவளுக்குள் இருந்தது அவன்மேல் உள்ள பயம் மட்டுமல்ல, ‘தப்பு நம்முடையதோ’ என்ற பயமும்தான்.

“தப்பு உன்னுது இல்லை தாயி. நீ ஓடி வந்து தப்பிச்சியே, அதுதான் கெட்டிக்காரத்தனம்” என்றேன். இத்தனை வருஷத்தில் ஒருத்தர்கூட அப்படிச் சொன்னதில்லையாம்.

சகோதரிகளே, கவனியுங்கள்

* திகில் படத்தை நடுராத்திரியில், தனியாக, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு பார்க்காதீர்கள். பகலில், துணையோடு பாருங்கள். குழந்தைகள் விழித்திருக்கும்போது வேண்டவே வேண்டாம். பார்த்த பயம் சாதாரணமாக இரண்டொரு நாளில் தணிந்துவிடும்.

* பழைய சம்பவம் ஒன்று மாதக்கணக்கில் கனவிலும் நினைவிலும் திரும்பத் திரும்ப வந்து, தூக்கம் கெட்டு, படபடப்பும் இருந்தால் அது காற்றுக் கருப்பு அல்ல, கோழைத்தனமும் அல்ல. அதற்குச் சிகிச்சை உண்டு. அரசு தலைமை மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். உயிரை விடலாமா என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

* இப்போது யாராவது தொந்தரவு கொடுத்தால் பெண்கள் உதவி எண் 181.

* எல்லாவற்றையும்விட முக்கியம்: பிள்ளை பயந்து ஓடி வந்தால் ‘நீ ஏன் போனாய்?’ என்று கேட்காதீர்கள். முதலில் அணைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கொடுங்கள். ‘சொல்லும்மா, நான் இருக்கேன்’ என்று சொல்லுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

மதினி இதையெல்லாம் கேட்டுக்கொண்டே மூலையில் படுத்திருந்தார். தூங்கிவிட்டார் என்றே நாங்கள் நினைத்தோம். திடீரென்று எழுந்தார். பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து மருமகள் பக்கத்தில் விரித்தார்.

“லைட்டு எரிஞ்சா எரியட்டும். கரண்ட் பில்லு என்ன பெரிய பில்லு! நீ தூங்கு தாயி. நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு நானும் கூட வாரேன்” என்றார்.

அந்த வீட்டுக்கும் ஒரு கலாம்மா கிடைத்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.