குளிரில் கைகளைக் காத்தல்

சிக்கல் வட்டாரத்து வாசகர்களுக்குக் கைக்குளிரைப் பற்றி நாம் எழுதப் புகுவது சிலருக்கு நகைப்பைத் தரலாம். மார்கழிப் பனிக்கும் இங்கே தலையில் ஒரு துண்டு சுற்றிக்கொண்டால் போதும். ஆயினும் நம் பிள்ளைகள் எல்லோரும் ஊரிலேயே இருந்துவிடுவதில்லை. சிலர் உதகைப் பக்கம் தோட்ட வேலைக்குப் போகின்றனர். சிலர் இராணுவத்தில் சேர்ந்து இலடாக்கின் பனிமலைகளில் காவல் நிற்கின்றனர். 2020 ஜூன் மாதம் கல்வான் பள்ளத்தாக்கில் நடந்த மோதலில் உயிர்நீத்த ஹவில்தார் பழனி, நம் மாவட்டத்துக் கடுக்கலூரைச் சேர்ந்தவரே. உழவருக்கும் நெசவாளருக்கும் கையே முதல். விரலை இழந்து ஊர் திரும்பியவன் தறியில் அமர்வது எளிதன்று.

மிளகாய் பறித்த கை இரவெல்லாம் எரிவதை நாம் அறிவோம். அந்த எரிச்சல் குளிருக்கு உதவாதா என்று கேட்கத் தோன்றும். உதவாது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் இராமநாதபுரம் முண்டு மிளகாயிலும் உள்ள காரப்பொருள், தோலில் சூட்டை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டுகிறது. சுட்டுவிட்டதாக மூளை எண்ணிக்கொள்கிறது. இதைக் கண்டறிந்தவர்களுள் ஒருவரான டேவிட் ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். காரம் கைக்கு வெப்பத்தைக் கொண்டுவந்து சேர்ப்பதில்லை. மாறாக, குளிரின் முதல் எச்சரிக்கையாகிய மரமரப்பை அந்த எரிச்சல் மறைத்துவிடவும் கூடும்.

கைக்கு உண்மையான வெப்பம் இரத்தத்தின் வழியே வருவது. உடலின் உட்பகுதியைச் சுமார் 37 பாகை வெப்பத்தில் வைத்திருக்க வேண்டி, கடுங்குளிரில் உடல் கைகளுக்குச் செல்லும் இரத்தக் குழாய்களைச் சுருக்கிக்கொள்கிறது. விரல்களில் தசை குறைவு, தோற்பரப்பு அதிகம். ஆகவே அவையே முதலில் விறைக்கின்றன. கை குளிர்ந்தால் முதலில் மார்பையும் தலையையும் நன்கு மூட வேண்டும் என்பது இதனாலேதான். புகையிலை இக்குழாய்களை மேலும் சுருக்கும். மதுவோ அவற்றை விரித்து உடலின் வெப்பத்தை வெளியே விட்டுவிடும்; சூடேறியதாகத் தோன்றுவது மயக்கமே.

இனி நம் பருத்தியைப் பற்றி மனத்தாங்கலின்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நனையும் வேலைக்குப் பருத்திக் கையுறை ஆகாது. இழைகளுக்கிடையே அடைபட்ட காற்றே வெப்பத்தைக் காப்பது. பருத்தி நனைந்ததும் அவ்விடத்தில் நீர் நிறைகிறது. நீர் காற்றைப்போல் ஏறத்தாழ 25 மடங்கு வெப்பத்தைக் கடத்த வல்லது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் உதகையில் உறைபனி படியும் காலைகளில், ஈரச் செடியைத் தொட்டு வேலை செய்பவருக்கு நனைந்த பருத்தியுறை கேடே செய்யும். கம்பளி இழை சுருண்டிருப்பதால் நனைந்த பின்னும் ஓரளவு காற்றைப் பிடித்து வைத்திருக்கிறது.

அதற்காகப் பருத்தியை அறவே ஒதுக்கிவிட வேண்டியதில்லை. இரண்டாம் உலகப் போரின்போது, கடலில் விழும் விமானிகளுக்காக, மான்செஸ்டரின் ஷர்லி ஆய்வு நிலையத்தார் நீண்ட இழைப் பருத்தியை மிக நெருக்கமாக நெய்து ‘வென்டைல்’ என்னும் துணியை உண்டாக்கினர். நனைந்தவுடன் அதன் நூல் பருத்து இடைவெளியை அடைத்துக்கொள்ளும். காற்றைத் தடுக்கும் மேலுறைக்கு இத்தகைய நெசவு மிகவும் ஏற்றது. 1953 மே 29 அன்று எவரெஸ்ட் உச்சியை அடைந்த ஹில்லாரி அணிந்திருந்தவை மூன்று அடுக்கு உறைகள்: உள்ளே பட்டு, நடுவே கம்பளி, மேலே காற்றுப் புகாத துணி. பட்டு என்றதும் எமனேசுவரத்து நெசவாளர் நிமிர்ந்து உட்காரலாம்!

விரல்களைத் தனித்தனியே பிரிக்கும் உறையைவிட, கட்டைவிரலை மட்டும் பிரித்து மற்ற நான்கையும் ஒன்றாய் வைக்கும் பையுறை அதிக வெப்பம் தரும். இறுக்கமான உறை இரத்தத்தையும் தடுக்கும், காற்றுக்கும் இடம் விடாது. மணிக்கட்டை மூடும்படி நீளமாக இருப்பது நல்லது. மாற்று உறை ஒரு சோடியைச் சட்டைக்குள் உடலோடு ஒட்டி வைத்துக்கொள்ளலாம்.

விரல் வெளுத்து, கட்டையாகி, உணர்விழந்துவிட்டால் தேய்க்கவே கூடாது. உறைந்த சதை சிதையும். மோதிரத்தைக் கழற்றிவிட்டு, மீண்டும் உறைய இடமில்லாத இடத்தை அடைந்த பின்னரே, 37 முதல் 39 பாகை வரையுள்ள வெதுவெதுப்பான நீரில் அமிழ்த்தி, மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். நீரின் சூட்டை அடிபடாத வேறொருவர் தம் முழங்கையால் பார்த்துச் சொல்லட்டும். அடுப்பருகே கையை நீட்டுவது தகாது. மரத்த கை தீயில் வெந்தாலும் உடையவனுக்குத் தெரியாது.