ஏறிக்கொண்டிருந்தோம், குரங்கு பறித்தது



தைப்பூச விடுமுறை முடிந்து பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பியதும், பத்துமலைக்குப் போய்வந்ததைப் பற்றி ஆங்கிலத்தில் ஐந்து வரி எழுதச் சொல்வது நமது வழக்கம். ஓராண்டு, நான்காம் வகுப்பு மாணவன் ஒருவன் இப்படி எழுதியிருந்தான்: “ஐ கிளைம்ட் த ஸ்டெப்ஸ். எ மங்கி டுக் மை பனானா.” நான் படி ஏறினேன், குரங்கு என் வாழைப்பழத்தை எடுத்தது. பிழை ஏதும் இல்லை. சரி என்று கோடு போட்டுவிட்டோம். ஆயினும் ஒரு சந்தேகம் எழவே, அவனைக் கூப்பிட்டுக் கேட்டோம்:

“எங்கேடா எடுத்தது? மேலே குகைக்குப் போய்ச் சேர்ந்த பிறகா?”

“இல்லை சார், பாதிப் படியில. நான் ஏறிக்கிட்டு இருந்தேன், பறிச்சிட்டு ஓடிடுச்சு.”

தமிழில் அவன் வாயில் சரியாக வந்த செய்தி ஆங்கிலத்தில் எழுதும்போது எங்கோ தொலைந்துவிட்டது. அந்த “ஏறிக்கிட்டு இருந்தேன்” என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்பதே இன்றைய நமது பாடம். இலக்கண நூல்கள் இதை இறந்தகாலத் தொடர்வினை என்று கூறும். ஆங்கிலத்தில் பாஸ்ட் கன்டினியுவஸ் என்பார்கள். பெயரைக் கேட்டு யாரும் அஞ்ச வேண்டியதில்லை.

பத்துமலையில் படிகள் 272. கடைசிப் படியில் கால் வைத்தாயிற்று என்றால் ஏறி முடித்தாயிற்று. அப்போது “ஐ கிளைம்ட்”. ஆனால் நூற்றைம்பதாவது படியில், மேல்மூச்சு வாங்க, இன்னும் இவ்வளவு இருக்கிறதே என்று அண்ணாந்து பார்க்கும் அந்த வேளையைச் சொல்ல வேண்டுமானால், “ஐ வாஸ் கிளைமிங்”. ஏறிக்கொண்டிருந்தேன் என்ற நம் சொல்லை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். ‘ஏறிக்கொண்டு’ என்பது கிளைமிங். ‘இருந்தேன்’ என்பது வாஸ். நம் மொழியில் இருந்தேன் பின்னால் வரும், ஆங்கிலத்தில் முன்னால் வரும், அவ்வளவுதான் வேற்றுமை. ஐ, ஹீ, ஷீ, இட் ஆகியவற்றுக்கு வாஸ். வீ, யூ, தே ஆகியவற்றுக்கு வெர். (கிளைமிங் என்று எழுதும்போது நடுவில் பி எழுத்து உண்டு. வாயில் அது வராது. ஆங்கிலம் அப்படிப்பட்ட மொழி, நாம் என்ன செய்ய!)

இன்னோர் உதாரணம். 2018ஆம் ஆண்டில் அந்தப் படிகளுக்குப் பல வண்ணங்களில் சாயம் பூசினார்கள். செய்து முடித்த காரியம், ஆண்டும் தெரியும். ஆகையால் “தே பெயின்டட் த ஸ்டெப்ஸ்”. பூசி முடிவதற்குள் ஒருவர் மலைக்குப் போயிருந்தால் அவர் என்ன சொல்வார்? “வென் ஐ வென்ட் தேர், தே வெர் பெயின்டிங் த ஸ்டெப்ஸ்.” நான் போனபோது பூசிக்கொண்டிருந்தார்கள். போனது ஒரு நொடிச் செய்தி. பூசுவது அதற்கு முன்பே தொடங்கி, அப்போதும் முடியாமல் நடந்துகொண்டிருந்த செய்தி. நீண்டது, குறுகியது என்ற இரண்டும் இப்படி ஒன்றையொன்று சந்திக்கும் இடத்தில்தான் இந்த வினைக்கு முக்கிய வேலை.

இதைச் சொல்லிக் கொடுத்த மறுநாளே, வகுப்பில் பாதிப் பேர் எல்லா வினைக்கும் இங் சேர்த்துவிடுவார்கள். “எ மங்கி வாஸ் டேக்கிங் மை பனானா” என்று ஒரு பெண் எழுதினாள். குரங்கு அவ்வளவு நிதானமாகவா பழத்தை எடுக்கும்? கண் இமைக்கும் நேரத்தில் பறித்தது “டுக்” தான். “ஐ வாஸ் கிளைமிங் த ஸ்டெப்ஸ் வென் எ மங்கி டுக் மை பனானா.” நீண்டதற்கு இங், குறுகியதற்கு சாதாரண இறந்தகாலம். வைல் என்ற சொல்லைப் போட்டால் அது நீண்டதன் முன்னே நிற்கும்: “வைல் ஐ வாஸ் கிளைமிங், எ மங்கி டுக் மை பனானா.”

வேறு சிலர் வாஸ் என்பதையே விழுங்கிவிடுகிறார்கள். “யெஸ்டர்டே ஐ ஈட்டிங்” என்று பெரியவர்களும் பேசக் கேட்கிறோம். இதற்குக் காரணம் சோம்பல் அல்ல. நம் பிள்ளைகள் மூன்று மொழிகளைத் தோளில் சுமக்கிறவர்கள். மலாயில் “சாயா செடாங் மாக்கான்” என்றால், சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன் என்றும் ஆகும், சாப்பிட்டுக்கொண்டிருந்தேன் என்றும் ஆகும். நேற்று என்பதற்கு “செமாலாம்” என்று முன்னால் ஒரு சொல் போட்டால் போதும், வினை மாறாது. அந்தப் பழக்கம் ஆங்கிலத்திலும் வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் காலத்தைக் காட்டுவது வாஸ் தான். அதை விட்டுவிட்டால் இன்றா நேற்றா என்பது வினையில் தெரியாமல் போகும்.

இது பரீட்சைக்கு மட்டும் உரிய விஷயம் என்று பெற்றோர்கள் நினைத்துவிடக் கூடாது. நம்முடைய தவறு ஒன்றையே சொல்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன், நம் தோட்டத்து அண்ணன் ஒருவர் விடியற்காலையில் சைக்கிளில் பெரட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். வழியில் லாரி ஒன்று இடித்துக் கால் முறிந்தது. அவருடைய மனைவி நம்மிடம் வந்து, “சார், நடந்ததை இங்கிலீஷில எழுதிக் கேக்கிறாங்க, நீங்கதான் எழுதிக் கொடுக்கணும்” என்றார். நாமும் மளமளவென்று எழுதினோம்: “ஹீ வென்ட் டு வொர்க் ஆன் ஹிஸ் பைசிக்கிள். எ லாரி ஹிட் ஹிம்.”

மூன்று வாரம் கழித்து ஒரு கடிதம் வந்தது. இவர் வேலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாரா? சேர்ந்த பிறகு வேறு எங்கே போகும்போது லாரி இடித்தது? இதுதான் கேள்வி. நாம் எழுதியதை மீண்டும் படித்துப் பார்த்தால், அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. “ஹீ வென்ட் டு வொர்க்” என்று எழுதி முற்றுப்புள்ளியும் வைத்துவிட்டால், போனார், போய்ச் சேர்ந்தார் என்றுதானே படிப்பவருக்குத் தோன்றும்? 1969ஆம் ஆண்டின் ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டம், வீட்டிலிருந்து வேலையிடத்துக்குப் போகும் வழியில் நேரும் விபத்தையும் வேலையில் நேர்ந்த விபத்தாகவே கொள்கிறது. சொந்தக் காரியத்துக்காக இடையில் வழி விலகியிருக்கக் கூடாது என்பது நிபந்தனை. ஆக, போய்ச் சேர்ந்தாரா, போய்க்கொண்டிருந்தாரா என்பதில்தான் எல்லாம் இருந்தது.

மறுபடி எழுதினோம்: “ஹீ வாஸ் சைக்ளிங் டு வொர்க் வென் எ லாரி ஹிட் ஹிம்.” ஒரே வாக்கியம். பணம் கிடைத்தது. ஆனால் கடிதம் போய்வந்ததில் ஏழு வாரம் கழிந்துவிட்டது. அந்த ஏழு வாரமும் அந்த அக்கா கடையில் கடன் சொல்லித்தான் அரிசி வாங்கினார். பயிற்சிக் கல்லூரியில் படித்துவிட்டு வந்த நாம் அந்தக் கடைப்பக்கம் போகும்போதெல்லாம் தலைகுனிந்தே நடந்தோம்.

இனி ஒரு நுட்பம். தைப்பூசக் கூட்டத்தில் ஒரு குழந்தை கைநழுவிப் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் தெரியாத தொண்டர் ஒருவர் கேட்கிறார்: “வாட் வாஸ் ஹீ வேரிங்?” என்ன உடுத்தியிருந்தான்? நாம் தமிழில் உடுத்திக்கொண்டிருந்தான் என்று சொல்வதில்லை. மஞ்சள் சட்டை போட்டிருந்தான் என்போம். ஆங்கிலத்திலோ அங்கே இங் வேண்டும்: “ஹீ வாஸ் வேரிங் எ யெல்லோ ஷர்ட்.” நின்றிருந்தான் என்பதும் அப்படித்தான்: “ஹீ வாஸ் ஸ்டாண்டிங் நியர் த ஸ்டெப்ஸ்.” உட்கார்ந்திருந்தான், படுத்திருந்தான் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். தமிழில் ‘கொண்டு’ இல்லையே என்று தேடி ஏமாறக் கூடாது.

இதற்கு நேர்மாறானதும் ஒன்று உண்டு. “எங்கள் தாத்தா கிள்ளான் பக்கத்துத் தோட்டத்தில் மரம் வெட்டிக்கொண்டிருந்தார்” என்று நாம் சொல்லும்போது, ஒரு நாள் காலையைச் சொல்லவில்லை, அவருடைய ஆயுளைச் சொல்கிறோம். இதை “மை கிராண்ட்ஃபாதர் வாஸ் டேப்பிங் ரப்பர்” என்று பெயர்த்தால், கேட்பவர், சரி, அப்போது என்ன நடந்தது என்று காத்திருப்பார். பாம்பு வந்ததா, மழை பிடித்ததா? இங்கே “மை கிராண்ட்ஃபாதர் டேப்ட் ரப்பர்” என்றோ, “யூஸ்ட் டு டேப் ரப்பர்” என்றோ சொல்வதே பொருந்தும்.

தெரியும், வேண்டும், பிடிக்கும் என்பவற்றுக்கு ஈடான நோ, வான்ட், லைக் ஆகியவற்றுக்கு இந்த வாஸ்–இங் பொதுவாக வராது. ‘எனக்குத் தெரிந்துகொண்டிருந்தது’ என்று தமிழிலும் யாரும் சொல்வதில்லை அல்லவா? காது அங்கே வழிகாட்டும்.

இன்று இரவு சாப்பிட்ட பிறகு வீட்டில் இதைச் செய்து பாருங்கள். பிள்ளை கேட்கட்டும்: “வாட் வெர் யூ டூயிங் அட் சிக்ஸ் திஸ் மார்னிங்?” காலை ஆறு மணிக்கு என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? அம்மா தமிழிலேயே பதில் சொல்லலாம்: உலை வைத்துக்கொண்டிருந்தேன், மங்கு துடைத்துக்கொண்டிருந்தேன், பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன், எதுவானாலும் சரி. அதைப் பிள்ளை ஆங்கிலமாக்கி எழுதட்டும். மங்குக்கு ஆங்கிலம் தெரியாவிட்டால் கப் என்று எழுதினால் போதும்.