ரிப்போர்ட் நார்மல், எடை 56

பரிசோதனைக் கூடத்தில் 22 வருடமாக ரத்தம் பார்க்கிறேன். ஆல்புமின் 3.5க்கு மேல் இருந்தால் நார்மல். அச்சடித்துக் கொடுத்துவிட்டு அடுத்த குழாயை எடுப்பேன். அண்ணனுக்குக் கன்னத்தில் புற்றுநோய் வந்து, ஆபரேஷன் முடிந்து, கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைக்கத் தொடங்கியபோதும் அந்த எண்ணைத்தான் நம்பினேன்.

மொத்தம் 30 தடவை, வாரத்துக்கு 5 நாள். மூன்றாவது வாரம் வாயெல்லாம் புண். ருசி போயிற்று, எச்சில் பசையாகிவிட்டது. பேச முடியாமல் நோட்டில் எழுதிக் காட்டுவார். ஒருநாள், "தண்ணி பட்டாலே எரியுது பாப்பா" என்று எழுதினார். அண்ணி வடிகட்டி ஆற்றிவைத்த ராகிக் கஞ்சி டம்ளரிலேயே ஆடை கட்டிக் கிடந்தது.

அந்த வாரம் ஆல்புமின் 3.8. "ரத்தம் நல்லாத்தானே இருக்கு? அப்புறம் ஏன் இப்படி உருகுறாரு?" என்று அண்ணி கேட்டார். "ரிப்போர்ட் நார்மல்தான் அண்ணி" என்றேன். அந்த பதிலுக்காக இன்றும் வருந்துகிறேன்.

உண்மையைக் காட்டியது முகமூடி. கதிர் வைக்கும்போது தலை அசையாமலிருக்க, அவரவர் முகத்துக்கென்றே வார்த்த பிளாஸ்டிக் வலை அது. முதல் நாள் கழற்றியபோது நெற்றியிலும் கன்னத்திலும் வலைத்தடம் பதிந்திருந்தது; அத்தனை இறுக்கம். நான்காவது வாரம் தாடைக்கும் வலைக்கும் நடுவே என் விரல் போனது. 62 கிலோ இருந்தவர் 56 ஆகியிருந்தார். மறுபடி ஸ்கேன் எடுத்து, புது மாஸ்க் செய்து, கதிர் படும் இடத்தை மீண்டும் கணக்கிட்டார்கள். மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள். இரண்டு நாள் சலைன் ஏறிய பிறகு ஆல்புமின் பார்த்தால் 3.1.

அதற்குள் அவ்வளவு குறைந்துவிடவில்லை. குழம்பு சுண்டினால் உப்பு தூக்கலாகத் தெரியுமே, அதுபோல, தண்ணீர் இறங்காமல் உடம்பு வறண்டதால் முந்தைய எண் கூடுதலாகக் காட்டியிருக்கிறது.

ஆல்புமின் கல்லீரல் செய்யும் புரதம். ரத்தத்தில் இருப்பதில் பாதி கழியவே ஏறக்குறைய 20 நாள் ஆகும். நேற்றைய பட்டினி இன்றைய ரத்தத்தில் தெரியாது. சாப்பிடாமலேயே எலும்பும் தோலுமானவர்களுக்குக்கூட அது நார்மலாக இருப்பதுண்டு. பிரீஆல்புமின் என்ற இன்னொரு புரதம் இரண்டு மூன்று நாளிலேயே பாதியாகும்; ஆனால் அதையும் முழுதாக நம்ப முடியாது. புண்ணும் வீக்கமும் இருந்தால் கல்லீரல் சி.ஆர்.பி. என்ற அழற்சிப் புரதத்தைத் தயாரிப்பதில் இறங்கி, இந்த இரண்டையும் குறைத்துக்கொள்ளும். ரத்த நாளங்களிலிருந்து ஆல்புமின் வெளியே கசியவும் செய்யும். லிம்போசைட் எண்ணிக்கையையும் சத்துக்கு அளவுகோலாகப் பார்ப்பவர்கள் உண்டு. ஆனால் கதிரே அந்த அணுக்களை அழித்துவிடும்.

அதற்காக ஆல்புமின் வீண் என்று சொல்லமாட்டேன். குறைந்திருந்தால் நோயின் தீவிரத்தைக் காட்டும் எச்சரிக்கை அது, டாக்டர் கவனிக்க வேண்டியது. ஆனால் நார்மல் என்றால் சத்து போதும் என்று அர்த்தமில்லை. 2019இல் வெளியான 'கிளிம்' என்ற சர்வதேச வரையறை, சத்துக்குறைவைக் கண்டறியும் அடையாளங்களில் ஆல்புமினைச் சேர்க்கவே இல்லை. எடைக்குறைவு, தசை இழப்பு, சாப்பாடு குறைந்தது போன்றவற்றைத்தான் பார்க்கச் சொல்கிறது. ஆறு மாதத்துக்குள் 5 சதவீதத்துக்கு மேல் எடை போனாலே அபாயக் குறி. அண்ணனுக்கு நாலே வாரத்தில் கிட்டத்தட்ட 10 சதவீதம் போயிருந்தது.

புற்றுநோயாளிக்குக் கிலோவுக்கு 25 முதல் 30 கலோரியும், ஒரு கிராமுக்கு மேல், முடிந்தால் ஒன்றரை கிராம் வரை புரதமும் தினம் வேண்டும் என்கிறது ஐரோப்பிய வழிகாட்டுதல். 60 கிலோ ஆளுக்குப் புரதம் மட்டும் 60 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் இருப்பதே 6 கிராம்தான். வெறும் கஞ்சித் தண்ணீரை வைத்துக்கொண்டு அதற்கு எங்கே போவது?

உங்கள் வீட்டில் யாருக்காவது கரண்ட் வைக்கிறார்கள் என்றால், திங்கள்கிழமைதோறும் ஒரே மெஷினில் எடை பார்த்து நோட்டில் எழுதுங்கள். 60 கிலோவில் 3 கிலோ குறைந்தால், ரத்த ரிப்போர்ட் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் நோட்டைக் காட்டி, உணவு நிபுணரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள்.