மழைக்குளிரில் வெட்டவெளிக் காவலும் ஆட்டுக்கிடையும்

கடுங்குளிரினால் உயிர்ச்சேதம் நேருவது இமயமலைப் பிரதேசத்திலும், உறைபனி விழும் நீலகிரியிலுந்தான் என்பது சமவெளிக் குடியானவர்களின் பொதுவான எண்ணம். இது முற்றிலும் சரியன்று. நீர் உறையாத குளிரிலுங்கூட, நனைந்த தேகமும் வீசுகின்ற காற்றும் சேர்ந்தால் பிராணாபாயம் உண்டு. ஆகையால் ஐப்பசி முதல் தை வரையில் செஞ்சி வட்டத்தில் கொல்லைக் காவல் இருப்போரும், கிடை மறிப்போரும் இவ்விஷயத்தை அறிந்திருப்பது அவசியம்.

2024ஆம் வருஷம் நவம்பர் 30ந் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறியபோது, செஞ்சிக்குக் கிழக்கே உள்ள மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை பெய்தது. அத்தகைய இரவில் வெளியில் அகப்பட்டவனுக்குப் பசியைவிடக் குளிரே முந்திய சத்துருவாகும்.

குளிர் தாக்கும் விதம்

மனித தேகத்தின் உள் உஷ்ணம் சுமார் 37 டிகிரி. அது 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அபாயம். நனைந்த பருத்தித் துணி தேகச் சூட்டை விரைவில் இழுத்துவிடும். கம்பளியோ நனைந்த பின்னும் ஓரளவு சூட்டைக் காக்கும். ஆதலால் காவலாளிக்குக் கம்பளி ஒன்றும், நனையாமற் கட்டிவைத்த மாற்று வேஷ்டி ஒன்றும் கட்டாயம் வேண்டும். ஈரத்தரையும் சூட்டை உறிஞ்சுமாகையால், வைக்கோலைக் கனமாகப் பரப்பி அதன்மேல் படுக்கவேண்டும்.

இடம் தெரிதல்

இப்பருவத்தில் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வீசுகிறது. எனவே பட்டிக்கு வடக்கிலும் கிழக்கிலும் தட்டியோ, வேலியோ, பாறை மறைவோ இருத்தல் நலம். இப்பக்கத்துப் பெரும் பாறைகள் பகலில் வெயிலேற்றுச் சூடாகி, இரவில் அச்சூட்டைச் சிறிது சிறிதாக வெளியிடும். ஆயினும் ஓடையும் பள்ளமும் ஆகா. வெள்ளம் வருவதும் அங்கேதான், தெளிந்த இரவில் குளிர்ந்த காற்று தேங்குவதும் அங்கேதான். கோட்டைக்குட்பட்ட பூமி பாதுகாக்கப்பட்டதாகையால் அங்கே கிடை மறித்தலும் தீ மூட்டலும் கூடாது.

குட்டிகளைக் காத்தல்

சென்னைச் சிவப்பு ஆட்டுக்கு அடர்ந்த ரோமம் இல்லாமையால் மழை நேரே தோலில் படும். பெரிய ஆடுகள் ஒன்றையொன்று ஒட்டி நின்று தப்பிவிடும். ஈன்ற குட்டிகளே அதிகம் மடிவன. குட்டி பிறந்தவுடன் ஈரம் போகத் துடைத்து, உலர்ந்த வைக்கோலிட்ட கூடையில் வைத்து, விரைவில் சீம்பால் ஊட்டவேண்டும். குட்டியின் எடையில் கிலோவுக்கு 50 மில்லி வீதம் முதல் ஊட்டம் கொடுக்கலாம். அதாவது இரண்டு கிலோக் குட்டிக்கு 100 மில்லி. தலை தூக்காமல் துவண்டு கிடக்கும் குட்டிக்கு வாயில் பால் வார்த்தல் கூடாது. பால் நுரையீரலுக்குள் சென்று உயிரைப் போக்கும். அத்தகைய குட்டிக்கு 1962 என்ற எண்ணில் கால்நடை வைத்திய உதவி கோரலாம்.

மனிதருக்கு முதலுதவி

நடுக்கம் முதல் அறிகுறி. நடுக்கம் நின்று, பேச்சுக் குழறி, மயக்கம் காணுமாயின் அது குணமன்று, பேரபாயம். அவரைக் காற்று மறைவிற் சேர்த்து, ஈரத்துணியை நீக்கி, உலர்ந்த கம்பளியாற் போர்த்து, முதலில் மார்பையும் கழுத்தையும் சூடேற்றவேண்டும். கைகால்களை அழுத்தித் தேய்க்கலாகாது. நினைவு தெளிவாக இருந்தால் மட்டும் சர்க்கரையிட்ட சூடான பானம் தரலாம். சாராயம் குளிரைத் தணிக்கும் என்பது தவறான நம்பிக்கை. அது தோலில் சூடு காட்டி, உள்ளுஷ்ணத்தை வெளியேற்றிவிடும். மூடிய குடிசைக்குள் கரி நெருப்பு வைத்து உறங்குவதும் மரணத்துக்கு ஏதுவாகும். தாமதியாது 108 எண்ணுக்குத் தகவல் தருக.

நிலத்துக்கு எரு வேண்டிக் கிடை வைக்கும் மிராசுதார்கள், மழை இரவுக்கு ஒரு கொட்டகையை ஒழித்துக் கொடுப்பார்களாக. கிராம அதிகாரிகளும் புயல் எச்சரிக்கை வந்தவுடன், ஊரிலுள்ளோருக்குச் சொல்வதற்கு முன்பாகவே காட்டிலும் கொல்லையிலும் தங்கியுள்ளவர்களுக்கு ஆளனுப்புதல் தகும். எச்சரிக்கை கடைசியாகப் போய்ச் சேருவது அவர்களுக்கேயன்றோ!