மணி பிளான்ட் இலையில் வெள்ளை மறைகிறதா?

வெள்ளையும் பச்சையுமாக வாங்கி வந்த மணி பிளான்ட், வீட்டுக்குள் வைத்த சில மாதங்களில் வெறும் பச்சையாகிவிடும். நோயென்று மருந்து தெளிக்க வேண்டாம். இலையின் வெள்ளைப் பகுதியில் பச்சையம் இல்லை. அதனால் உணவு தயாரிக்க முடியாது. வெளிச்சம் குறைந்தால், பச்சை மிகுந்த தளிர்களே முந்தி வளரும். முழுப் பச்சையான நுனியை, வெள்ளை நன்றாகத் தெரியும் இலை வரை வெட்டிவிடுங்கள். திராட்சைக்குக் கவாத்து பார்க்கும் கம்பம் விவசாயிகளுக்கு இது கைவந்த வேலை. பிறகு தொட்டியைக் காலை வெளிச்சம் படும் கிழக்கு ஜன்னலோரம் மாற்றுங்கள். உச்சி வெயில் நேரடியாகப் பட்டால் வெள்ளைப் பகுதிதான் முதலில் கருகும்.

தேனி மாவட்டத்தில் இன்னொரு தொல்லை, காற்று. இச்செடியின் தாயகம் பசிபிக் கடலிலுள்ள மூரியா தீவு, ஈரக்காற்றில் வளர்ந்தது. தென்மேற்குப் பருவக்காற்றோ மழையைக் கேரளப் பக்கம் கொட்டிவிட்டு, வறண்டு இங்கே இறங்குகிறது. ஆனி, ஆடியில் இலை ஓரம் பழுப்பாவதைப் பார்த்து, தினமும் தண்ணீர் ஊற்றுகிறார்கள். அதில்தான் வேர் அழுகிச் செடி போகிறது. மேல்மண் ஒரு அங்குலம் காய்ந்த பின் ஊற்றினால் போதும். காற்றடிக்கும் ஜன்னலை விட்டுத் தள்ளி, நாலைந்து தொட்டிகளைச் சேர்த்து வைத்தால் ஈரப்பதம் நிற்கும்.

செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் சம அளவு கலக்கலாம். நார்க்கழிவை இரண்டு மூன்று முறை அலசி உப்பை நீக்கியே சேர்க்க வேண்டும். வறண்ட நாட்களில் இலையின் அடிப்பக்கத்தில் சிவப்புச் சிலந்தி வரும். வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். இலையைக் கடித்தால் வாயும் நாக்கும் எரியும். குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் தொங்கவிடுங்கள்.