வீட்டிலேயே நீர்வண்ண ஓவியம்: தொடங்குவது எப்படி?

மும்பையில் நாற்பது ஆண்டுகளாகப் பாத்திர வியாபாரம் செய்பவன் நான். ஓவியக் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. வந்தவாசிப் பக்கம் இருந்த எங்கள் பூர்வீக வீட்டைச் சில ஆண்டுகளுக்கு முன் விற்றோம். வாங்கியவர் இடித்துக் கட்டிவிட்டார். ஒருநாள் பேத்தி, "தாத்தா, அந்த வீடு எப்படி இருக்கும்?" என்று கேட்டாள். காட்ட ஒரு போட்டோகூட இல்லை. வாயால் சொன்னேன். திண்ணை என்றால் என்னவென்றே குழந்தைக்குப் புரியவில்லை. அறுபத்து மூன்றாம் வயதில் நான் தூரிகை எடுத்தது அதனால்தான். தட்டுத்தடுமாறிக் கற்றதை நம் சங்கக் குடும்பங்களுக்குச் சொல்கிறேன்.

நீர்வண்ணம் என்பது யாது?

நிறப்பொடியை வேல மர இனத்துப் பிசினில் குழைத்தால் அதுவே நீர்வண்ணம். நீர் உலர்ந்ததும் பிசின் நிறத்தைத் தாளில் பிடித்துக்கொள்ளும். சித்தன்னவாசல் தாமரைத் தடாகம் போன்ற சுவரோவியங்கள் சுண்ணச் சாந்தின்மேல் தீட்டியவை. அது வேறு முறை. போஸ்டர் கலரும் வேறு. அது அடியில் இருப்பதை மறைக்கும். நீர்வண்ணமோ கண்ணாடி மாதிரி, தாளின் வெண்மை ஊடே தெரியும். ஆகவே இதில் வெள்ளை என்பது பூசுவதல்ல, பூசாமல் விடுவது. இந்த ஒன்று விளங்கினால் பாதி வித்தை கைவந்த மாதிரி.

நம் நாட்டில் இதற்கு நல்ல பரம்பரை உண்டு. 1903இல் கல்கத்தா வந்த ஜப்பானிய ஓவியர்களிடமிருந்து அவனீந்திரநாத் தாகூர் 'வாஷ்' எனும் கரைசல் பூச்சு முறையைக் கற்றார். 1905இல் அவர் தீட்டிய பாரத மாதா அம்முறையில் அமைந்ததே. அவருடைய மாணவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி பின்னாளில் சென்னைக் கலைப்பள்ளியின் முதல்வரானார்.

என்னென்ன வாங்க வேண்டும்?

தாள்: நான் முதலில் ஏமாந்தது இதில்தான். சாதாரண டிராயிங் நோட்டில் தீட்டினேன். அப்பளம் மாதிரி சுருண்டுவிட்டது. தாளின் கனத்தை ஜிஎஸ்எம் என்று கணக்கிடுவார்கள், அதாவது ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று. ஜெராக்ஸ் தாள் 75 அல்லது 80. நமக்கு 300 வேண்டும். பஞ்சுக் கூழில் செய்தது உத்தமம். வண்ணத்தில் சிக்கனம் பிடிக்கலாம், தாளில் கூடாது. பெரிய தாளாக வாங்கி நாலாக வெட்டிக்கொண்டால் செலவு குறையும்.

தூரிகை: பழந்தமிழில் இதற்குத் துகிலிகை, வட்டிகை என்றும் பெயர். ஒட்டக முடி என்று விற்பது பெரும்பாலும் அணில் முதலியவற்றின் முடியே. கீரி முடித் தூரிகையைத் தொடவே வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கீரி பாதுகாக்கப்பட்ட பிராணி; அதன் முடியை விற்பது குற்றம். நான் சமணன், நைலான் தூரிகைதான் வைத்திருக்கிறேன். தொடங்குகிறவர்களுக்கு அதுவே தாராளம். உருண்டை வகையில் 4, 8, 12 என மூன்று எண்கள் போதும்.

வண்ணம்: மாணவர் தரத்து டியூப் போதும். லெமன் யெல்லோ, யெல்லோ ஆக்கர், கிரிம்சன், அல்ட்ராமரின் நீலம், பர்ன்ட் சியன்னா ஆகிய ஐந்தே. கடைசியது இத்தாலியின் சியன்னா ஊர்ப் பெயர் கொண்ட மண், சுட்டதால் சிவந்தது. நம் காவி மண்ணைப் போலவே இரும்புச் சத்தால் வந்த நிறம். கறுப்பு வாங்காதீர்கள். ஐவரி பிளாக் என்பது எலும்பைக் கரித்துச் செய்வது. அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் கலந்தால் அதைவிட உயிருள்ள கருஞ்சாம்பல் கிடைக்கும்.

மற்றபடி ஒரு பீங்கான் தட்டு, பழைய துணி, தூரிகை கழுவ ஒன்றும் வண்ணம் கரைக்க ஒன்றுமாக இரண்டு தம்ளர் நீர். எல்லாம் சேர்த்து, குடும்பத்தோடு சினிமா போகிற செலவுக்குள் முடிந்துவிடும்.

முதல் வாரப் பயிற்சி

படம் வரையவே வேண்டாம். தாளைப் பலகையில் நாலு பக்கமும் டேப்பால் ஒட்டி, பலகையின் தலைப்பக்கம் ஒரு புத்தகம் வைத்துச் சாய்த்துக்கொள்ளுங்கள். தூரிகை நிறைய நீலக் கரைசல் எடுத்து இடமிருந்து வலமாக ஒரு கோடு. அடியில் தேங்கும் நீர்மணியைத் தொட்டு அடுத்த கோடு. இப்படிக் கீழே வரை வந்தால் சீரான பூச்சு. ஒவ்வொரு கோட்டுக்கும் நீரைக் கூட்டினால் மேலே அடர்ந்து கீழே வெளிறும், அதுவே வானம்.

ஈரத் தாளில் வண்ணம் வைத்தால் பரவும். மேகம், தூரத்து மரம் இப்படித்தான். உலர்ந்த தாளில் வைத்தால் விளிம்பு கூர்மையாக நிற்கும். சுவர், ஓடு இப்படி. பாதி காய்ந்த இடத்தில் மட்டும் கை வைக்காதீர்கள், திட்டுத்திட்டாகிவிடும். காய்ந்ததும் நிறம் வெளிறும் என்பதால் கொஞ்சம் தூக்கலாகவே கலக்க வேண்டும்.

ஒரு வீடு

முதலில் பென்சிலால் லேசாகக் கோடு. வண்ணமில்லாத கோட்டோவியத்தை முன்னோர் 'புனையா ஓவியம்' என்றனர். அடுத்து வானம். சுண்ணாம்புச் சுவரை அப்படியே தாளின் வெள்ளையாக விட்டுவிடுங்கள். நன்றாகக் காய்ந்தபின் ஓட்டுக் கூரைக்குப் பர்ன்ட் சியன்னா. வேப்ப மரத்துக்கு மஞ்சளும் நீலமும் கலந்த பச்சை. எப்போதும் வெளிர் நிறம் முன்னால், அடர் நிறம் பின்னால். கடைசியில் திண்ணைக்கு அடியில் நீலஞ்சார்ந்த சாம்பலில் நிழல். அந்த நிழல் விழுந்ததும்தான் திண்ணை தாளைவிட்டு எழுந்து நிற்கும்.

ஓர் எச்சரிக்கை

மும்பை மழைக்காலத்தில் பூச்சு காய நெடுநேரம் ஆகும், அவசரப்படாதீர்கள். கட்டி வண்ணப் பெட்டியை ஈரத்தோடு மூடினால் பூஞ்சை பிடிக்கும். தாளைப் பிளாஸ்டிக் உறையில் வையுங்கள். முடிந்த படத்தை நேர்வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள். சில சிவப்புகள் மங்கிப்போகும்.

எங்கள் வீட்டை இதுவரை பதினோரு தடவை தீட்டிவிட்டேன். ஒன்பதாவதில்தான் கூரைச் சாய்வு சரியாக வந்தது. பேத்தி இப்போது, "தாத்தா, இந்தத் திண்ணையில நீங்க எந்தப் பக்கம் உட்காருவீங்க?" என்று கேட்கிறாள். விரல் வைத்துக் காட்டுகிறேன். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் மனத்திலும் இப்படி ஒரு வீடு, ஒரு கிணற்றடி இருக்கும். அவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்து, கேட்டுக் கேட்டுத் தீட்டுங்கள். கோணலாக வந்தாலும் பரவாயில்லை. சொல்ல ஆள் இருக்கும்போதே தொடங்கிவிடுங்கள்.